விருந்தாளியை அழைத்தது யார்?

இரண்டாவது உலக யுத்த காலத்தில் அமெரிக்கச் செய்தி இலாகா இந்தியாவில் நடத்திய பணியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், படித்த நண்பர்கள் ஒரு வாதத்தைச் சொல்கிறார்கள். “வெள்ளைக்காரன் நம்மைப் பற்றிப் பொய் சொன்னான், ஜெர்மானியனும் ஜப்பானியனும் ரேடியோவில் புளுகினார்கள். அமெரிக்கர்கள் அப்படியெல்லாம் செய்யவில்லை. தங்கள் தேசத்தைப் பற்றிச் சொன்னார்கள், யுத்தத்தைப் பற்றிச் சொன்னார்கள், நம் விவகாரத்தில் தலையிடாமல் இருந்தார்கள். அதற்கு மேல் ஒரு விருந்தாளியிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?” என்கிறார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நியாயத்துக்குள் ஒரு பெரிய அநியாயம் ஒளிந்திருக்கிறது என்பது என் கட்சி. விருந்தாளி என்கிறீர்களே, அவரை அழைத்தது யார்? யாருடைய வீட்டுக்கு? அந்த வீட்டின் சொந்தக்காரன் அப்போது எங்கே இருந்தான்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் விருந்தோம்பலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘ஆபீஸ் ஆப் வார் இன்பர்மேஷன்’ என்ற அமெரிக்க யுத்தச் செய்தி அலுவலகம், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் உத்தரவால் 1942-ம் ஆண்டு ஜூன் 13-ம் தேதி பிறந்தது. ரேடியோவில் செய்தி விமரிசனம் செய்து புகழ் பெற்ற எல்மர் டேவிஸ் அதற்குத் தலைவர். அதன் வெளிநாட்டுப் பிரிவை நடத்தியவர் ராபர்ட் ஷெர்வுட். இவர் பேர்பெற்ற நாடகாசிரியர்; ரூஸ்வெல்ட்டின் பிரசங்கங்களை எழுத உதவியவர். ஆர்ச்சிபால்ட் மக்லீஷ் என்ற கவிஞரும் அந்த அலுவலகத்தில் உயர்ந்த பதவி வகித்தார். ஆக, இது வெறும் குமாஸ்தாக்கள் நடத்திய காரியமல்ல. எழுத்தின் வலிமையை அறிந்தவர்கள், எதைச் சொன்னால் மனசில் தைக்கும், எதைச் சொல்லாமல் விட்டால் மறந்துபோகும் என்று தெரிந்தவர்கள் நடத்திய காரியம். இந்தக் கிளைதான் வெளிநாடுகளில் ‘யு. எஸ். ஐ. எஸ்.’ என்ற பெயரில் கடை விரித்தது. டில்லியிலும் விரித்தது.

இந்தியாவில் அப்போது செய்தி என்கிற சரக்கு யார் கையில் இருந்தது? ரேடியோ சர்க்காருடைய ஏகபோகம். சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் திறந்த நிலையங்கள் உட்பட எல்லாம் டில்லியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. 1941 அக்டோபரில் செய்தி ஒலிபரப்புக்கென்றே வைசிராயின் கீழ் ஒரு தனி இலாகாவும் ஏற்பட்டது. பத்திரிகைக் காகிதம் சர்க்காரின் கட்டுப்பாட்டில் இருந்தது. தந்தி, தபால் இரண்டுக்கும் தணிக்கை. எல்லாவற்றுக்கும் மேலே, இந்தியப் பாதுகாப்புச் சட்ட விதிகள் என்ற பெரிய பூட்டு.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வெளிநாட்டுச் செய்தி ஸ்தாபனம் வந்து உட்கார வேண்டுமானால், பூட்டுக்குச் சாவி வைத்திருப்பவனுடைய தயவு இல்லாமல் முடியாது. தயவுக்கு ஒரு விலை உண்டு. இந்தியாவின் அரசியலைத் தொடாதே என்பதுதான் விலை. அமெரிக்க சர்க்கார் அந்த விலையைக் கொடுத்தது. வற்புறுத்திக் கழுத்தைப் பிடித்து வாங்கியதாகவும் தெரியவில்லை. இந்திய விவகாரத்தில் நடுநிலைமை என்பது அவர்களே ஏற்றுக்கொண்ட கொள்கை.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். ஜூன் 13-ல் அலுவலகம் பிறந்தது. ஆகஸ்டு 8-ம் தேதி இரவு பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் பொழுது விடிவதற்குள் காந்திஜியும் காங்கிரஸ் தலைவர்களும் சிறைப்பட்டார்கள். ‘ஹரிஜன்’ நின்றது. ‘நேஷனல் ஹெரால்டு’ மூடியது. மறுபடி திறக்க 1945 ஆயிற்று. போராட்டத்தைப் பற்றிய செய்திகளுக்கு வாய்ப்பூட்டு. அந்த மாதத்தில்தான் நம் சர். சி. பி. ராமஸ்வாமி ஐயர் வைசிராய் சபையில் செய்தி இலாகாவை ஏற்றார். சில வாரங்களிலேயே ராஜிநாமாச் செய்துவிட்டு வெளியே வந்தார். அவர் காங்கிரஸ்காரர் அல்ல, காங்கிரஸை அவருக்குப் பிடிக்கவும் பிடிக்காது. அவருக்கே அந்த நாற்காலி ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்டு 12-ல் வாஷிங்டனிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. இந்தியாவில் இருக்கும் அமெரிக்கப் படைகள் எதிரி நாடுகளுடன் யுத்தம் செய்யத்தான் வந்திருக்கின்றன. உள்நாட்டு அரசியலில் அவை எவ்விதத்திலும் சம்பந்தப்படக் கூடாது என்பது அதன் சாரம். தலைவர்கள் சிறைக்குப் போய் மூன்றே நாள் ஆகியிருந்தது. தேவகோட்டையிலும் திருவாடானையிலும் சூலூரிலும் ஜனங்கள் கொதித்தெழுந்த மாதம் அது. கிளர்ச்சியை அடக்க 57 பட்டாளங்கள் வேண்டியிருந்தன. 1857-க்குப் பின் இவ்வளவு பெரிய கலகம் வந்ததில்லை என்று வைசிராய் லின்லித்கோ தம் பிரதம மந்திரி சர்ச்சிலுக்கு எழுதினார். ஆகாய விமானத்திலிருந்து கூட்டத்தைச் சுட்டதைச் சர்க்காரே சட்டசபையில் ஒப்புக்கொண்டது. ஆனால் வாஷிங்டன் அகராதியில் இவையெல்லாம் ‘உள்நாட்டு அரசியல்.’

சிறை வைத்தவனுக்கும் சிறைப்பட்டவனுக்கும் நடுவில் நின்றுகொண்டு, “நான் யார் பக்கமும் இல்லை” என்று சொல்வது ஒரு நிலைமைதான். ஆனால் அப்படிச் சொல்கிறவர் சிறை வைத்தவனுடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவன் கொடுத்த அனுமதிச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னால் அதற்கு நடுநிலைமை என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, கடையில் விற்ற சரக்கு என்ன? நான்கு சுதந்திரங்கள். 1941 ஜனவரியில் ரூஸ்வெல்ட் பிரகடனம் செய்தவை: பேச்சுச் சுதந்திரம், வழிபாட்டுச் சுதந்திரம், வறுமையிலிருந்து விடுதலை, பயத்திலிருந்து விடுதலை. ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும், உலகில் எல்லா இடங்களிலும் என்று அவர் சேர்த்துச் சொன்னார். யுத்தச் செய்தி அலுவலகம் 1942-ல் இந்த நான்கையும் விளக்கித் தனிப் பிரசுரமே வெளியிட்டது. உயர்ந்த வார்த்தைகள், எனக்கு அவற்றின் மேல் துவேஷம் இல்லை. அவற்றை இந்தியாவில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்கிறேன்.

பேச்சுச் சுதந்திரம்: பேசக்கூடியவர்கள் ஆகாகான் மாளிகையிலும் ஆமத்நகர்க் கோட்டையிலும் இருந்தார்கள். பம்பாயில் உஷா மேத்தா என்ற 22 வயதுப் பெண்ணும் அவருடைய தோழர்களும் 42.34 மீட்டரில் ரகசிய ரேடியோ ஒன்றை ஆகஸ்டு மாதத்தில் தொடங்கி, இடம் மாற்றி இடம் மாற்றி நடத்தினார்கள். நவம்பரில் போலீஸ் பிடித்தது. அந்தப் பெண்ணுக்கு நான்கு வருஷச் சிறை. நம் நாட்டுச் செய்தியை நம் நாட்டுக்கு நம் வாயால் சொன்னதற்குக் கிடைத்த பரிசு அது. அதே சமயத்தில் இன்னொரு தேசத்துச் செய்தியைச் சொல்ல வந்தவர்களுக்கு டில்லியில் ஆபீஸ் கிடைத்தது.

பயத்திலிருந்து விடுதலையைப் பற்றி 57 பட்டாளங்களைச் சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

வறுமையிலிருந்து விடுதலை: 1943-ல் வங்காளம் பட்டினியில் செத்தது. 1945-ல் அறிக்கை கொடுத்த பஞ்ச விசாரணைக் கமிஷன் சாவு 15 லட்சம் என்றது. பின்னால் ஆராய்ந்தவர்களில் பலர் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். பஞ்சம் என்று சட்டப்படி பிரகடனம் செய்யவே சர்க்கார் மறுத்தது. பஞ்சம் என்ற சொல்லே தணிக்கைக்காரனுக்கு ஆகாத சொல்லாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே சோறும் இல்லை. இல்லாத சோற்றில் லட்சக்கணக்கான பிணங்களை மறைக்கப் பார்த்தார்கள். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், அவரும் ஓர் இங்கிலீஷ்காரர்தான், 1943 ஆகஸ்டு 22-ல் தெருவில் கிடந்தவர்களின் போட்டோக்களைத் துணிந்து அச்சிட்ட பிறகுதான் விஷயம் உலகத்துக்கு உறைத்தது. சித்தப்பிரசாத் என்ற சித்திரக்காரர் மிதினாப்பூரில் நடந்தலைந்து, கண்டதை வரைந்து புத்தகமாகப் போட்டார். அதைச் சர்க்கார் கைப்பற்றி அழித்தது.

ஸ்டீபன்ஸிடம் இருந்ததும் காகிதமும் காமிராவுந்தான். சித்தப்பிரசாத்திடம் இருந்தது ஒரு தூரிகை. உலகத்திலேயே பெரிய செய்தி ஸ்தாபனங்களில் ஒன்றிடம் இவை இல்லாமலா போயிற்று? எல்லாம் இருந்தன. வாய் திறக்கும் உரிமையை முன்னாலேயே அடகு வைத்திருந்தார்கள்.

இனி எதிர்க் கட்சியின் வாதங்களுக்கு வருகிறேன். மூன்று வாதங்கள் முக்கியமானவை.

ஒன்று, யுத்த அவசியம். “ஜப்பான்காரன் வாசலில் நின்றான். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னைப் பட்டணமே காலியாயிற்று. அந்த நேரத்தில் நேச தேசங்களுக்குள் மனத்தாங்கல் உண்டாக்கலாமா?” என்கிறார்கள். ஜப்பான் வந்திருந்தால் நமக்கு விடிந்திருக்கும் என்று நம்புகிறவன் அல்ல நான். சயாம் ரயில் பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்க் கூலிகள் பல்லாயிரம் பேர் மாண்ட கதை எனக்குத் தெரியும். ஹிட்லரும் டோஜோவும் தோற்க வேண்டியவர்கள்; தோற்றது உலகத்துக்கு நல்லது.

ஆனால் யுத்த ரகசியம் வேறு, ஆள்கிறவனின் மானத்தைக் காப்பாற்றும் ரகசியம் வேறு. கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்படுகிறது என்பதை மறைப்பது முதல் வகை. மிதினாப்பூரில் ஜனங்கள் இலையைத் தின்று சாகிறார்கள் என்பதை மறைப்பது இரண்டாம் வகை. இதை மறைத்ததால் எந்த ஜப்பானியன் தோற்றான்? உண்மையை நேச தேசங்கள் சொல்லாதபோது, அந்த உண்மையைத் தனக்கு வேண்டிய மாதிரி திரித்துச் சொல்ல எதிரியின் ரேடியோவுக்கு வசதியாயிற்று. டோக்கியோவையும் பெர்லினையும் ஜனங்கள் திருட்டுத்தனமாகக் கேட்டதற்கு ஹிட்லரின் மேல் இருந்த காதல் காரணமல்ல. தங்கள் வீட்டில் நடப்பதைத் தங்கள் வீட்டு ரேடியோ சொல்லவில்லை என்பதே காரணம்.

இரண்டாவது வாதம்: “வெளியில் மௌனமாக இருந்தாலும் உள்ளுக்குள் அமெரிக்கா நமக்காகப் பாடுபட்டது.” இதில் பாதி உண்மை. 1942-ல் கிரிப்ஸ் தூது நடந்தபோது ரூஸ்வெல்ட்டின் பிரதிநிதி லூயி ஜான்சன் டில்லியில் சமரசத்துக்கு முயன்றார். அடுத்த பிரதிநிதி வில்லியம் பிலிப்ஸ் 1943 ஜனவரியில் வந்தார். பிப்ரவரி 10-ம் தேதி காந்திஜி 21 நாள் உபவாசம் தொடங்கினார். அவரைப் பார்க்கப் பிலிப்ஸ் அனுமதி கேட்டார், வைசிராய் கொடுக்கவில்லை. திரும்பிப் போகும்போது இதைப் பத்திரிகைக்காரர்களிடம் பிலிப்ஸ் மறைக்காமல் சொன்னார். அந்த மனிதருக்கு என் நமஸ்காரம். ஊருக்குப் போய், 1943 மே மாதத்தில் ரூஸ்வெல்ட்டுக்கு அவர் எழுதிய கடிதத்தில், இந்த யுத்தம் தங்களுடையது என்ற எண்ணம் இந்தியர்களுக்கு இல்லை, இந்தியப் படை கூலிப்படையாகவே இருக்கிறது, சுதந்திரம் கொடுப்பதாகப் பிரிட்டன் உறுதி சொல்ல வேண்டும் என்றெல்லாம் விளக்கினார்.

அந்தக் கடிதம் எங்கே போயிற்று? ரகசியக் கோப்புக்குள் போயிற்று. 1944 ஜூலையில் ட்ரூ பியர்சன் என்ற பத்திரிகைக்காரர் எப்படியோ அதைப் பிடித்து வெளியிட்டார். அப்போது லண்டனிலும் டில்லியிலும் ஏற்பட்ட கலவரம் கொஞ்சநஞ்சமல்ல. டில்லி சர்க்காரின் வெளிவிவகாரக் காரியதரிசி ஓலாப் கேரோ, இனி பிலிப்ஸ் இந்தியாவுக்கு வேண்டாதவர் என்று தந்தி அடித்தார். அந்தத் தந்தியும் வெளியாகிச் சந்தி சிரித்தது.

இந்த விவரங்களைத்தான் அமெரிக்காவின் நல்லெண்ணத்துக்குச் சாட்சியாக நண்பர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கு இவை நேர் எதிரான சாட்சியாகப் படுகின்றன. உண்மை அவர்களுக்குத் தெரியாது என்றால் மன்னிக்கலாம். தெரிந்திருந்தது, அவர்கள் பிரதிநிதியே கண்டு எழுதியிருந்தார். அந்த உண்மை ஜனாதிபதிக்கு மட்டும் உரியது, பளபளப்பான பிரசுரங்கள் ஜனங்களுக்கு உரியவை என்று பங்கு பிரித்தார்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கின் வித்தை இது. 1944 ஏப்ரலில் சர்ச்சிலே ஆஸ்திரேலியக் கோதுமையை இந்தியாவுக்கு ஏற்றிவரக் கப்பல் வேண்டுமென்று ரூஸ்வெல்ட்டைக் கேட்டார். கப்பல் இல்லை என்று ஜூன் மாதம் பதில் வந்தது. அந்தக் கடிதப் போக்குவரத்தும் ரகசியந்தான்.

மூன்றாவது வாதந்தான் எனக்கு முக்கியமானது. “அவர்கள் பொய் சொல்லவில்லை, சிலவற்றைச் சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான். நீங்களும் கதை எழுதுகிறவர்தானே? கதையில் எல்லாவற்றையுமா சொல்கிறீர்கள்?” என்று என்னையே மடக்குகிறார்கள்.

கதை எழுதுகிறவன் என்பதால்தான் எனக்கு இதில் வித்தியாசம் தெரிகிறது. கதையில் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டால், வாசகர் அதைத் தாமே உணர்ந்துகொள்வார் என்ற நம்பிக்கையில் விடுகிறேன். தாய் அழுதாள் என்று எழுதாமல் அடுப்பு அணைந்து கிடந்தது என்று எழுதினால், வாசகருக்கு அழுகை கேட்கும். செய்தியில் விட்டுவிடுகிற காரியம் அப்படியல்ல. வாசகருக்கு அது ஒருபோதும் தெரியக் கூடாது என்பதற்காகவே அங்கே விடுகிறார்கள். விட்ட இடத்தில் தழும்புகூட இராது. யுத்தத்தைப் பற்றி, ஜனநாயகத்தைப் பற்றி, சுதந்திரத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் படிக்கிற வாசகர், அதில் இந்தியா என்ற 40 கோடி ஜனங்களின் சுதந்திரம் இல்லை என்பதைக் கவனிக்காமலே பக்கத்தைப் புரட்ட வேண்டும். அந்தப் பத்துப் பக்கத்தில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருக்கலாம். மொத்தத்தில் அது பொய். தனித் தனியாக உண்மை பேசி மொத்தமாகப் பொய் சொல்லும் கலை, தைரியமாகப் புளுகும் கோயபல்ஸின் கலையைவிட நுட்பமானது. ஷெர்வுட்டைப் போன்ற நாடகாசிரியர்களும் மக்லீஷைப் போன்ற கவிஞர்களும் இதில் கை கொடுத்ததுதான் எனக்கு வருத்தம். அவர்கள் பாசிஸத்தை மனப்பூர்வமாக வெறுத்தவர்கள், கெட்டவர்கள் அல்ல. நல்லவர்களுடைய பேனா கிடைத்தால்தான் இந்த மௌனத்துக்கு மதிப்பு வருகிறது.

நம்மைக் கேட்காமல் நம் தலைக்கு மேல் நடந்த இந்த ஏற்பாட்டைக் காந்திஜி முன்கூட்டியே கண்டார். 1942 ஜூலை 1-ம் தேதி ரூஸ்வெல்ட்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் பிரிட்டன் சுரண்டிக்கொண்டிருக்கும் வரையில், அமெரிக்கா தன் வீட்டிலேயே நீக்ரோப் பிரச்சினையை வைத்துக்கொண்டிருக்கும் வரையில், ஜனநாயகத்துக்காகப் போராடுகிறோம் என்ற பேச்சு உள்ளீடற்றது என்று விநயமாக எடுத்துச் சொன்னார். நான்கு சுதந்திரங்களுக்கு அதைவிட நேரான விமரிசனத்தை நான் படித்ததில்லை. அடுத்த மாதம் அவர் சிறையில் இருந்தார்.

அமெரிக்கச் சிப்பாய்களுக்கே இந்த வேஷம் புரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமைக்கு ‘ஸீக்’ என்று சுருக்கப் பெயர். அந்த எழுத்துக்களுக்கு, ‘இங்கிலாந்தின் ஆசியக் காலனிகளைக் காப்பாற்று’ என்று அவர்கள் விரிவு சொல்லிச் சிரித்தார்கள். சிப்பாய் சிரித்துச் சொல்லிவிட்டான். செய்தி அலுவலகம் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்தது. 1945-ல் அந்த அலுவலகம் கலைந்து, வெளிநாட்டு வேலை அமெரிக்க வெளிவிவகார இலாகாவிடம் போயிற்று. வெள்ளைக்காரனும் 1947-ல் போனான். ஆனால் பழக்கம் போயிற்றா? 1943-ல் சர்க்கார் தன் பிரசாரப் படங்களை ஒவ்வொரு சினிமாக் கொட்டகையிலும் கட்டாயமாகக் காட்ட வேண்டுமென்று விதி செய்தது. 1946-ல் நம் பிரதிநிதிகள் மத்திய சட்டசபையில் அதற்குப் பணம் கொடுக்க மறுத்து, அந்தப் படக் கம்பெனியை மூட வைத்தார்கள். இரண்டே வருஷம்! 1948-ல் சுதந்திர சர்க்கார் பிலிம்ஸ் டிவிஷனை ஆரம்பித்தது. கட்டாயக் காட்சியும் திரும்பி வந்து பல பத்தாண்டுகள் நம்முடன் குடியிருந்தது. நாற்காலி மாறினால் நியாயம் மாறிவிடுகிறது.

ஆயினும் ஒரு வித்தியாசம் உண்டு. 1962-ல் சீன யுத்தத்தில் அடிபட்ட பிறகு, 1963 ஜூலையில் நம் சர்க்கார் அமெரிக்காவுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. கல்கத்தாவில் 1000 கிலோவாட் சக்தியுள்ள ஒலிபரப்பி ஒன்றை அவர்கள் கொடுப்பார்கள். பதிலுக்கு அமெரிக்கக் குரலான ‘வாய்ஸ் ஆப் அமெரிக்கா’வுக்கு அதில் தினமும் நேரம் கொடுக்க வேண்டும். விஷயம் வெளியே வந்தது. பத்திரிகைகள் எழுதின, பார்லிமெண்டில் கூச்சல் எழுந்தது, நேருவின் சர்க்கார் பின்வாங்கியது. ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று இன்றும் வாதாடலாம். அது இங்கே எனக்கு முக்கியமில்லை. கையெழுத்தான விஷயம் நமக்குத் தெரிந்தது, தெரிந்ததால் வேண்டாமென்று சொல்ல முடிந்தது, சொன்னதால் நின்றது. 1942-ல் இந்த மூன்றில் ஒன்றுகூட நமக்கு இல்லை.

அதனால்தான், “விருந்தாளி நாகரிகமாக நடந்துகொண்டார்” என்ற சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட நான் மறுக்கிறேன். விருந்தாளியின் நாகரிகத்தைப் பற்றிப் பேச வீட்டுக்காரனுக்குத்தான் உரிமை. அந்த வீட்டுக்காரன் அப்போது சிறையில் இருந்தான்.

இது முடிந்துபோன கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். செய்தி என்ற பெயரில் ஒரு சர்க்காரின் சரக்கை இன்னொரு சர்க்கார் தன் சந்தையில் விற்க அனுமதிக்கும் காரியம் வேறு வேறு பெயர்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. காகிதத்தின் வழவழப்பும் படத்தின் அழகும் நம்மை மயக்கட்டும், பாதகமில்லை. நானும் அழகான பத்திரிகையைப் பிரியமாகப் புரட்டுகிறவன்தான். புரட்டுவதற்கு முன்னால், இதை உள்ளே விட்டது யார், எதைச் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டு உள்ளே விட்டார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பதில் கிடைக்காத பத்திரிகையில் எந்தப் பக்கத்தைக் காணோம் என்று தேடிப் பாருங்கள். 1943-ல் அந்தப் பக்கத்தில் 30 லட்சம் பேர் இருந்தார்கள்.